கோழிகள் தின்ற சத்துமா

“2025 பெப்ரவரி 9, ஞாயிறு. இன்றும் சிரிக்கவில்லை. குளிக்க வார்த்தபோதும் இல்லை. மாலை ரயிலுக்கும் தலை திருப்பவில்லை.”

நாட்காட்டியில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்புறம் பென்சிலால் நான் எழுதிய குறிப்பு இது. படிக்கிற காலத்திலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம். மழை பெய்தது, மிளகு விலை ஏறியது, இன்ன புத்தகம் படித்து முடித்தேன் என்று ஒரு வரி எழுதி, தாளை பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவேன். மேலே உள்ளது என் மகன் அகிலனைப் பற்றியது. அப்போது அவனுக்கு ஐந்து மாதம்.

கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் செடிகொடியிலிருந்து வருவதை மட்டுமே சாப்பிடுகிற தாய்மார் பலர் இருக்கிறார்கள். சிலருக்கு அது நேர்த்திக்கடன், சிலருக்கு மனச்சாட்சி, சிலருக்கு வேறு வழியில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிச் சாப்பிடுவது தவறு என்று சொல்ல வரவில்லை. நான் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் சாப்பிடுகிறேன். எனக்கு ஒருவர் முன்பே சொல்லியிருந்தும் நான் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு உக்குவளையில், ரயில் பாதைக்குச் சற்று மேலே. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் ரவி மாத்தளை டவுனில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் சாதிக்காய், ஏலம், கறுவா தரம் பிரிக்கிறவர். நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். எனக்குப் பதினோரு வயதில், நான் இலை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாயை முனியாண்டி கோயில் திருவிழாவில் வெட்டினார்கள். அன்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தவள், பிறகு இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. அதை யாரும் பெரிதுபடுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பால் விட்டது வேறு கதை. 2021இல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. கடை வாசலில் காலையிலிருந்து வரிசையில் நின்று, என் முறை வரும்போது தீர்ந்துபோன அனுபவம் பலமுறை. அதற்கப்புறம் சாயத்தண்ணிதான், அதாவது பால் சேர்க்காத வெறும் தேநீர். தட்டுப்பாடு நீங்கிப் பால்மா மறுபடி கடைக்கு வந்தபோது, அதன் வாடையே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. இப்படித்தான், ஒரு தீர்மானமும் எடுக்காமலே, என் சாப்பாட்டில் மிருகங்களிடமிருந்து வருகிற எதுவும் இல்லாமல் போனது.

குறையாகவும் எனக்குத் தெரியவில்லை. பருப்பு, பாசிப்பயறு, கௌபி, சோயா, பொன்னாங்காணிச் சுண்டல், வல்லாரைச் சம்பல், தேங்காய்ப்பாலில் பலாக்காய். தட்டு நிறைந்துதான் இருந்தது. சத்துணவைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2024 தொடக்கத்தில் கர்ப்பம் உறுதியானது. கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரையும் போலிக் அமில மாத்திரையும் (புதிய இரத்த அணுக்கள் உருவாகவும் சிசுவின் முதுகுத்தண்டு சரியாக வளரவும் உதவும் ஒரு விட்டமின்) தந்தார்கள். கூடவே சத்துமாப் பொதிகளும்.

“நீங்க மச்சம் சாப்பிடாத ஆள்தானே, மிஸ்?” என்றார் மிட்வைஃப். மச்சம் என்றால் எங்கள் பக்கம் மீன், இறைச்சி. “அப்போ இந்த மாவ விடவே கூடாது. வேற யாருக்கும் குடுக்கவும் கூடாது. இது உங்களுக்கு.”

“சரிங்க மிஸ்” என்று வாங்கி வந்தேன். வீட்டில் பொதியைப் பிரித்தபோது பால்மா வாடை முகத்தில் அடித்தது. மசக்கை நேரம். ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

பக்கத்து வீடு ரிஹானா தாத்தாவுடையது. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பொதிகளை அவரிடம் கொடுத்தேன். அவருடைய பிள்ளைகள் ஒருநாள் தின்றுவிட்டு மறுநாள் முகத்தைச் சுளித்தார்கள். மாவு கோழிகளுக்குப் போனது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிவரும். அதன்பின் ஒவ்வொரு கிளினிக் நாளிலும், நான் பையோடு படியேறும்போதே கோழிகள் வேலிப் பக்கம் வந்து நிற்கும்.

“ஒங்கட மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு முட்டை குடுத்தனுப்பணும்” என்பார் ரிஹானா தாத்தா. “எங்கட கோழியெல்லாம் புள்ளத்தாச்சி மாதிரி மினுங்கிட்டு ஈக்கி.”

சிரித்தோம். சத்துமாவைக் கோழிக்குப் போடாத வீடு எங்கள் பக்கத்தில் அபூர்வம். இலவசமாக வருவது என்பதால் அது மருந்து என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லயத்தில் வளர்ந்த எவரும் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்க மாட்டார்கள். சாயத்தண்ணி கையில் இருக்கும்போது தண்ணீருக்கு யார் எழுந்து போவது? இரும்பு மாத்திரையை நானும் அப்படித்தான் விழுங்கினேன். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது என்று பின்னால் படித்தேன். தேயிலைக் கொழுந்து பறித்த தாயின் மகளுக்கு இது முப்பத்தொரு வயதில் தெரிய வந்தது.

செப்டம்பரில் அகிலன் பிறந்தான். நல்ல எடை, சுகப்பிரசவம். பால் நன்றாகச் சுரந்தது. ஆறாவது வாரத்தில் ரவியின் மீசையைப் பார்த்துச் சிரித்தான். ரயில் ஹோர்ன் அடித்தால் கண்ணை அகல விரித்துத் தலையைத் திருப்புவான். இரண்டும் தாளில் இருக்கின்றன.

எனக்குப் பாதம் மரத்துப்போய் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நாக்கு எரிந்தது. ஊறுகாயை நிறுத்தினேன். வகுப்பில் இருபது பிள்ளைகளின் பெயரை ஒரே மூச்சில் சொல்கிற எனக்கு, சில நாட்களில் அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே மறந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்கு வந்த உறவினர் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: என்ன நல்ல பிள்ளை, அழவே மாட்டேங்குதே. மடியில் போட்டால் போட்டபடி கிடந்தான். பால் கொடுத்தால் குடித்தான், இல்லாவிட்டால் கேட்கவில்லை. புகழ்ச்சி எனக்கு இனித்தது. சத்தம் போடாத குழந்தையைத்தான் எங்கள் ஊரில் நல்ல குழந்தை என்பார்கள். அவன் சாதுவாக இருக்கவில்லை, மெல்ல அணைந்துகொண்டிருந்தான் என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் காணவில்லை. நானும் காணவில்லை.

பெப்ரவரித் தொடக்கத்தில் அவன் கழுத்து, நிற்க ஆரம்பித்திருந்த கழுத்து, மறுபடி தளர்ந்தது. கையில் கிலுகிலுப்பையை வைத்தால் நழுவி விழுந்தது. மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைத் தாளை எழுதிவிட்டு ரவியிடம் காட்டினேன்.

“என்னா இந்திரா, புள்ள சிரிக்காததுக்கும் குறிப்பு எழுதணுமா? மனுஷன் தெனமும் சிரிச்சுக்கிட்டா இருப்பான்?”

“சிரிச்சு ஒரு வாரமாச்சுங்க.”

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு அகிலனைத் தூக்கினார். தன் மீசையை முறுக்கிக் காட்டினார், உதட்டைப் பிதுக்கி ஆட்டின் குரலில் கத்தினார். பிள்ளையின் கண் அவர் தோளுக்கு அப்பால் எங்கோ இருந்தது. ரவியின் குரல் பாதியில் நின்றுபோனது. “நாளைக்கு காலையிலேயே போவோம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த குழந்தை மருத்துவர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். அகிலனின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், கைகளைப் பிடித்து மெல்லத் தூக்கினார். தலை பின்னால் சரிந்தது. விரல் முட்டிகளில் தோல் கறுத்திருந்ததைத் தடவிப் பார்த்தார். பிறகு அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நாக்கு காட்டுங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல டொக்டர். புள்ளைக்குத்தான்.”

“தெரியும். காட்டுங்க.”

நீட்டினேன். “ரோசாப்பூ மாதிரி இருக்குதானே” என்றார். அது பாராட்டு என்று ஒரு கணம் நினைத்தேன். “நாக்குல சின்னச் சின்னச் சொரசொரப்பு இருக்கணும். உங்களுக்கு இல்ல. வழவழன்னு சிவப்பா இருக்கு. எரியுதா?”

“எரியுதுங்க.”

“கால்?”

“எறும்பு ஊர்ற மாதிரி...”

“மச்சம் சாப்பிடறதில்லையா? முட்டை? பால்?” ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினேன். “அப்போ கிளினிக்கில குடுத்த மா?”

நான் ரவியைப் பார்த்தேன். ரவி சுவரைப் பார்த்தார்.

“கோழிக்குப் போட்டோம் டொக்டர்” என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, “கோழி எல்லாம் நல்ல சுகமா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். விட்டமின் பி12 என்று ஒன்று இருக்கிறது. இரத்தம் உருவாகவும் நரம்புகள் வேலை செய்யவும் அது வேண்டும். மற்றச் சத்துகளைப்போல அது கீரையிலும் பயறிலும் கிடைப்பதில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றிலிருந்தோ, தனியாகச் சேர்த்த மாவு, மாத்திரை, ஊசி இவற்றிலிருந்தோதான் கிடைக்கும். ஈரல் அதைச் சில வருடங்களுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதனால் குறைவது உடனே தெரியாது. கர்ப்பத்தில் எடுக்கும் போலிக் அமிலம் இரத்தச் சோகையை ஓரளவு மறைத்தும்விடும். நரம்பின் சேதத்தை அது தடுக்காது. தாயின் உடம்பில் இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இராது. அகிலனுக்கு நான் வயிறு நிறையக் கொடுத்தேன். அந்தப் பாலில் இல்லாத ஒன்றுக்காக அவன் மூளை காத்துக் கிடந்தது.

இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அன்றே இருவருக்கும் ஊசி போட்டார்கள். மருந்து சிவப்பு நிறம். கடையில் விற்கும் சர்பத் நிறம். குழந்தையின் தொடையில் இறங்கியபோது அவன் முகம் மெதுவாகச் சுருங்கி, வெகுநேரம் கழித்துத்தான் அழுகை வந்தது. அதுவும் சன்னமாக. வலி அவனை எட்டவே அத்தனை நேரம் ஆனது.

“இவன் பழைய மாதிரி ஆயிருவானா?” என்று ரவி கேட்டார்.

“நெறைய பிள்ளைங்க நல்லா வாறாங்க. நேரத்தோட வந்திருக்கீங்க. ஆனா பொய் சொல்ல மாட்டேன். எல்லாம் முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. பார்ப்போம்.”

நான் கேட்டேன்: “தாய்ப்பால நிப்பாட்டவா? நாளையில இருந்து மீனும் சாப்பிடுறேன், முட்டையும் சாப்பிடுறேன். என்னா சொன்னாலும் சாப்பிடுறேன்.”

“பால் நிப்பாட்ட வேணாம். ஊசி உங்க பாலுக்கும் போகும். முட்டை சாப்பிட விருப்பம்னா சாப்பிடுங்க. இல்லாட்டி மாத்திரை, ஊசி, அந்த மா. அது போதும். பயத்துல சாப்பிட்டா ரெண்டு நாள்ல விட்டுருவீங்க. விடாத மாதிரி ஒண்ணத் தெரிவு செய்யுங்க.”

எங்களை வார்டில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ரிஹானா தாத்தா பஸ் பிடித்து வந்தார். டிபன் பாத்திரத்தில் அவித்த முட்டைகள். உட்கார்ந்ததும் அழுதார்.

“நான்தான் அந்த மாவ வாங்கினேன். ஒனக்குத் தந்ததெல்லாம் என்ட கோழி தின்னுட்டு. இந்த முட்டையில அது ஈக்கும் இந்திரா. திருப்பிக் கொண்டாந்திருக்கேன். தின்னு.”

ஒரு முட்டையை எடுத்து உரித்தேன். இளஞ்சூடாக, வழவழப்பாக இருந்தது. பிள்ளைக்காக ஒரு வாய் என்று உதட்டருகே கொண்டு போனேன். இருபது வருடங்களுக்கு முன் என் உள்ளங்கையை நக்கிய கிடாயின் மூச்சு கையில் பட்டதுபோல இருந்தது. முட்டையைக் கீழே இறக்கினேன்.

“வேணாம் புள்ள, வேணாம்” என்று ரிஹானா தாத்தாவே கையைப் பிடித்துக்கொண்டார்.

ரவி என் கையிலிருந்து முட்டையை வாங்கி வாயில் போட்டார். “எனக்கும் வெட்டமின் கொறைவுதான், தாத்தா. இந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் இதே வருத்தம்தான். இன்னும் ரெண்டு தாங்க.” பக்கத்துக் கட்டிலில் இருந்த தாய்கூடச் சிரித்தார்.

அன்று ஒன்று தெளிவானது. இறைச்சியும் முட்டையும் நான் விட்டவை. பால் நான் விட்டதல்ல, என்னைவிட்டுப் போனது. அதைத் திரும்ப அழைக்கலாம். வீட்டுக்கு வந்தபின் சத்துமாவை வறுத்து, கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பூவும் ஏலத்தூளும் சேர்த்து உருண்டை பிடித்தேன். ஏலம் வாடையை அமுக்கிவிடும். தரமான ஏலத்தை ரவி பொறுக்கிக் கொண்டு வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்ற முதல் உருண்டை இன்னும் நினைவிருக்கிறது. இப்போது மூக்கைப் பிடிப்பதில்லை.

வார்டில் நாங்கள் மிகவும் பயந்தது முதல் ஊசி போட்டுச் சில நாட்களுக்குப் பின். அகிலன் கண்ணில் கொஞ்சம் ஒளி வந்திருந்தது, முகத்தைத் தேடிப் பார்த்தான். அந்த மகிழ்ச்சிக்கு நடுவே அவன் கீழுதடும் வலக்கையும் நடுங்கத் தொடங்கின. நான் கையைப் பிடித்தால் நடுக்கம் என் கைக்குள்ளே ஓடியது. டொக்டர் வந்து பார்த்தார். குணமாகும்போது சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, தூங்கும்போது நிற்கிறதா பாருங்கள் என்றார். தூங்கும்போது நின்றது. விழித்ததும் வந்தது. மெல்லமெல்லக் குறைந்து, எப்போது முற்றாக நின்றது என்று தெரியாமலே நின்றது. வாசிப்பவர்களில் யாருக்காவது இது நேர்ந்தால், ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த வாரம் மாத்தளையில் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் எதற்கும் போகவில்லை. அகிலனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்புக்காகக் காத்திருந்தேன். பென்சில் கையிலேயே இருந்தது.

ஒருநாள் பகலில் ரிஹானா தாத்தா வந்து அவனை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். “நீ படு. ஒன்ட மொகத்தப் பாத்தா புள்ள எப்பிடிச் சிரிக்கும்? பரீட்சைப் பேப்பர் திருத்துற டீச்சர் மாதிரி பாத்துக்கிட்டே ஈக்கிற.”

படுத்தேன். வாரக்கணக்கில் இல்லாத தூக்கம் தூங்கினேன். எழுந்தபோது அவர் கொல்லையிலிருந்து ஓடி வந்தார்.

“சிரிச்சான்! சத்தமாச் சிரிச்சான்! அந்தக் கழுத்தறுத்தான் கோழி பாய்ஞ்சு என்ட சல்வாரக் கொத்திச்சு, நான் கத்தினேன், இவன் சிரிச்சான்!”

மாலையில் ரவி கேட்டுவிட்டு நம்பாமல் தலையாட்டினார். “வயித்துக் காத்தா இருக்கும் தாத்தா. புள்ளைக மொகம் அப்பிடித்தான் கோணும்.”

“நான் மூணு புள்ள பெத்தவ. காத்துக்கும் சிரிப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?”

நான் என் கண்ணால் கண்ட சிரிப்பு அதற்கு நான்கு நாள் கழித்துத்தான். மாலை ரயில் போனது. ஹோர்ன் கேட்டதும் அவன் தலை திரும்பியது. திரும்பிய தலை அப்படியே நின்று, பிறகு என்னைப் பார்த்தது. உனக்கும் கேட்டதா என்பதுபோல. வாய் மெல்ல அகன்றது. நான் எழுதவில்லை. பென்சில் எங்கே விழுந்தது என்று மறுநாள்தான் தேடினேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு பின்னால் வந்தது. இருவருக்குமே பி12 மிகவும் குறைவு. ஊசிகள் வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாயின. எனக்கு இப்போது மாத்திரை. தண்ணீரில்தான் விழுங்குகிறேன். நாக்கில் சொரசொரப்பு திரும்பிவிட்டது; கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கும் ஆசிரியையைப் பார்த்து ரவி இன்னும் சிரிக்கிறார். கால் விரல் நுனியில் மட்டும் லேசான மரமரப்பு தங்கிவிட்டது. அது போகாமலும் இருக்கலாம் என்றிருக்கிறார்கள்.

அகிலனுக்கு இப்போது ஒன்றரை வயது ஆகப் போகிறது. சுவரைப் பிடித்து நடக்கிறான். மற்றப் பிள்ளைகள் இந்த வயதில் ஓடுகிறார்கள். நாலைந்து சொற்கள் சொல்கிறான், அதில் ஒன்று ‘பக்பக்’. டொக்டர் இன்னும் பார்த்துவருகிறார். வீட்டில் இப்போது ஓயாத சத்தம். நல்ல பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை.

நாட்களை எழுதி வைத்தால் காலம் கையில் இருக்கும் என்று நம்பி வந்தவள் நான். உடம்பு வேறொரு நாட்காட்டி வைத்திருக்கிறது. கடை வரிசையில் வெறுங்கையோடு திரும்பிய ஒரு காலை, மூன்றரை வருடம் என் ஈரலுக்குள் நடந்து, ஒரு குழந்தையின் கழுத்தில் வந்து நின்றது. அந்தக் காலையில் அவன் இல்லை. அவன் பெயர்கூட இல்லை. என்றாலும் நான் அன்று அவனுக்கும் சேர்த்தே பசித்திருந்தேன். இதை அறிந்தபின் ஒரு குவளை தேநீரைக்கூட எனக்கு மட்டும் என்று குடிக்க முடியவில்லை. இது பாரமாக இல்லை. துணையாகத்தான் இருக்கிறது.

கிளினிக்குக்கு முதல் நாள் போகும்போதே, எதைச் சாப்பிடுவதில்லை என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பாலையும் விடாமல் சொல்லுங்கள். பி12 பற்றி நீங்களே கேளுங்கள். தருகிற மாவை உருண்டை பிடியுங்கள்.

பிஸ்கட் டின்னில் அந்த மாதத் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் வேறொருவர் சொல்லி நான் எழுதியது இருக்கிறது: “பெப்ரவரி. திரும்பி வந்த முதல் சிரிப்பு. இடம்: கோழிக்கூட்டுப் பக்கம். பார்த்தவர்: ரிஹானா தாத்தா. ரவி ஏற்கவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். உறுதிசெய்யப்படவில்லை.”